வீட்டுக் கோழி முட்டையைச் சந்தையில் விற்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுப் புறக்கடையில் நாலைந்து கோழி வளர்ப்பது தொன்றுதொட்டு வரும் பழக்கம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அடங்கிய நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. களத்தில் சிந்திய மணி, வீட்டில் மிஞ்சும் தவிடு, குருணை, தென்னந்தோப்பில் கிடைக்கும் கறையான், புழு, பூச்சி ஆகியவையே இந்தக் கோழிகளுக்குத் தீனி. தனியாகச் செலவு அதிகம் இல்லை. முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சிறுவாட்டில் சேருகிறது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், அவசரத்துக்கு ஒரு மருந்து என்று பல சிறு செலவுகள் அந்தக் காசில்தான் நடக்கின்றன.

ஆனால், இந்த முட்டைக்கு உரிய விலை பல வீடுகளுக்குக் கிடைப்பதில்லை. வாரம் ஒரு முறை வாசலுக்கு வரும் வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதே முட்டை நகரத்துக்குப் போய்ச் சேரும்போது விலை ஏறிவிடுகிறது. இடையில் முட்டை நாலைந்து நாள் பழையதாகியும் விடுகிறது. வளர்த்தவருக்கும் லாபம் இல்லை, வாங்கித் தின்பவருக்கும் நல்ல முட்டை கிடைப்பதில்லை.

வீட்டு முட்டையின் மதிப்பு அது புதியது, இன்னார் வீட்டுக் கோழி இட்டது என்பதில்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் வாங்குபவருக்குக் காட்ட முடிந்தால் விலை தானே வரும். அதற்கான வழிமுறைகளைக் கவனிப்போம்.

எங்கே விற்கலாம்?

இந்த மாவட்டத்தில் சந்தைகளுக்குக் குறைவில்லை. நாகர்கோவில் வடசேரியில் கனகமூலம் சந்தை பழமையானது. பெயரிலேயே சந்தையைத் தாங்கிய ஊர் திங்கள்சந்தை. கேரள எல்லையை ஒட்டிக் களியக்காவிளை இருக்கிறது. இவை தவிர வடசேரியில் உழவர் சந்தையும் உண்டு.

விவசாயிகள் தங்கள் விளைபொருளை இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்பதற்காகத் தமிழக அரசு ஏற்படுத்தியது உழவர் சந்தை. முதல் சந்தை 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை உள்ள விவசாயிகளே அங்கே விற்கலாம். கடை வாடகை கிடையாது. எடை போடத் தராசும் தரப்படுகிறது. காய்கறி, பழம், கீரை ஆகியவற்றை முன்னிட்டே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. ஆகவே முட்டை விற்க விரும்புவோர் முதலில் சந்தை நிர்வாக அலுவலரைப் பார்த்து, அனுமதி உண்டா, எந்த இடத்தில் உட்காரலாம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். இடம் கிடைக்காவிட்டால் வாரச் சந்தையிலோ, வாடிக்கையான தெருக்களிலோ விற்கலாம். எங்கே விற்றாலும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்வது முக்கியம். வாடிக்கைக்காரர் தேடி வருவது அதனால்தான்.

தன் வீட்டுக் கோழியின் முட்டையை விற்பவர் உற்பத்தியாளர். பிறரிடம் விலைக்கு வாங்கி விற்பவர் வியாபாரி. வியாபாரம் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

பத்துக் கோழி எத்தனை முட்டை தரும்?

சந்தைக்குப் புறப்படும் முன் கணக்குப் பார்க்கவேண்டும். நாட்டுக் கோழி ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டை இடும். ஆண்டுக்கு நாலைந்து ஈடு. ஆக, ஆண்டுக்கு 50 முதல் 70 முட்டை. பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் ஆண்டுக்குச் சுமார் 600 முட்டை கிடைக்கும். வாரத்துக்கு ஒரு டஜன்தான் வரும். இதில் வீட்டுச் செலவுக்கும் அடைவைக்கவும் எடுத்ததுபோக மீதிதான் விற்பனைக்கு.

ஈட்டின் கடைசியில் கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். பிறகு குஞ்சுகளோடு திரிவது இரண்டு மாதத்துக்கு மேல். அதுவரை முட்டை இல்லை. எல்லாக் கோழிகளையும் அடைக்கு விடாமல், தாய்மைக் குணம் மிக்க ஒன்றிரண்டை மட்டும் அடைவைத்து, மற்றவற்றின் அடையைக் கலைத்துவிட்டால் சில வாரங்களில் மறுபடி முட்டையிடத் தொடங்கும். அடைக் கோழியை வெளிச்சமும் காற்றும் உள்ள கூண்டில், படுக்கை ஏதும் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து நாலைந்து நாள் அடைத்து வைத்தால் அடை தெளிந்துவிடும். தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது ஆகியவை கூடாது.

அதிக முட்டை வேண்டுவோர் புறக்கடைக்கு ஏற்ற கலப்பினங்களை வளர்க்கிறார்கள். கேரளத்தின் கிராமலட்சுமி, ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட கிராமப்பிரியா, வனராஜா ஆகியவை இத்தகையவை. இவை நாட்டுக் கோழியைவிட இரண்டு, மூன்று பங்கு முட்டை தரும். ஆனால் இவற்றில் பல அடை காப்பதில்லை. எனவே குஞ்சுக்கு ஒவ்வொரு முறையும் பண்ணையை நாடவேண்டும்.

மார்த்தாண்டம் காட்டிய வழி

ஒரு டஜன் முட்டைக்காக ஒரு பெண் அரை நாள் வேலையை விட்டுச் சந்தைக்குப் போவது கட்டுபடியாகாது. இதற்கான வழியைக் குமரி மண்ணே நூறு ஆண்டுக்கு முன்பு கண்டிருக்கிறது. 1920-களில், இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் கிராமப் புனரமைப்பு மையம் தோன்றியது. அதை நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். தேனீ வளர்ப்பு, நல்ல இனக் கோழி வளர்ப்பு ஆகியவற்றை அந்த மையம் சுற்றுவட்டார ஏழைக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வெள்ளை லெகார்ன் இனத்தைப் பரப்பியது. அதோடு நில்லாமல், தேனையும் முட்டையையும் தரம் பார்த்துக் கூட்டுறவு முறையில் விற்கவும் ஏற்பாடு செய்தது. இந்த அனுபவத்தை ஹாட்ச் 1932-ல் வெளியான தமது ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

தேன் விஷயத்தில் மார்த்தாண்டம் இன்றும் பெயர்பெற்று விளங்குகிறது. முட்டை அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. ஆயினும் அதன் பாடம் பழையதாகிவிடவில்லை. வளர்ப்பது அவரவர் வீட்டில், தரம் பார்ப்பதும் விற்பதும் சேர்ந்து என்பதே அந்தப் பாடம்.

பத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் வாரத்துக்கு 120 முட்டை சேரும். ஒருவர் சந்தைக்குப் போனால் போதும். மகளிர் சுய உதவிக் குழு இருக்கும் ஊர்களில் குழுவே இதை எடுத்து நடத்தலாம். முட்டை 12 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். உடைசல் 3 போக 117 முட்டைக்கு வரவு 1,404 ரூபாய். விற்கப் போனவருக்குக் கூலி 150 ரூபாய், பஸ் கட்டணமும் அட்டைத் தட்டும் 54 ரூபாய் என்று 204 ரூபாயைக் கழித்தால் மீதி 1,200 ரூபாய். வீட்டுக்கு 120 ரூபாய், அதாவது முட்டைக்கு 10 ரூபாய் நிற்கும். வாசலில் 8 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் 96 ரூபாய்தான் கிடைத்திருக்கும். வாரத்துக்கு 24 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,248 ரூபாய் கூடுதல். கூலியும் குழுவுக்குள்ளேயே தங்குகிறது. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். அவரவர் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பார்த்து, லாபம் உண்டு என்று தெரிந்தபிறகே இறங்கவேண்டும்.

சேவல் தேவையா?

முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. இது பலருக்குத் தெரிவதில்லை. சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டை கருவுற்ற முட்டை. நமது வெயிலில் சுமார் 27 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு இருந்தால் அதனுள் கரு வளரத் தொடங்கிவிடும். இரண்டு, மூன்று நாளில் இரத்த நாளங்கள் தோன்றும். அப்படிப்பட்ட முட்டையை உடைத்துப் பார்த்த வீட்டுக்காரர் மறுமுறை அந்தக் கூடைப் பக்கம் வரமாட்டார். கருவுறாத முட்டையில் இந்தத் தொல்லை இல்லை. கூடுதல் நாள் தாங்கும்.

எனவே விற்பனைக்காக வளர்ப்போர் சேவலைத் தனியே பிரித்துவிடுவது நல்லது. பிரித்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் வரை கருவுற்ற முட்டை வரக்கூடும். பக்கத்து வீட்டுச் சேவல் வேலி தாண்டி வரும் ஊர்களில் இது முழுமையாக நடக்காது. அங்கே வேறு வழி இல்லை. முட்டையை உடனுக்குடன் எடுத்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, நாலைந்து நாளுக்குள் விற்றுவிட வேண்டும்.

அடைவைக்கும் முட்டைக்குத் தனிக் கிராக்கி உண்டு. அதற்குக் கருவுற்ற முட்டைதான் வேண்டும். ஒரு வாரத்துக்கு மேற்படாததாக, நடுத்தர அளவில், கீறல் இல்லாததாக இருக்கவேண்டும். இத்தகைய முட்டையைச் சாப்பாட்டு முட்டையோடு கலக்காமல் தனியாக வைத்து விற்கவேண்டும்.

எடுப்பதும் துடைப்பதும்

கோழி கண்ட இடத்தில் முட்டையிட்டால் முட்டை அழுக்காகும், சில கண்ணில் படாமலே கெடும். ஓர் அடி நீளம், அகலம், உயரம் உள்ள மரப்பெட்டியோ பழைய ஓலைப்பெட்டியோ போதும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி. சற்று இருட்டான, ஒதுக்குப்புறமான இடத்தில் வைத்து, உள்ளே உமி அல்லது காய்ந்த வைக்கோல் பரப்பவேண்டும். வாரம் ஒரு முறை மாற்றவேண்டும். குமரியில் இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் பெய்வதால் படுக்கை சீக்கிரம் ஈரமாகிவிடும். மழை நாளில் இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்த்து மாற்றவேண்டும்.

பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே முட்டையிட்டுவிடும். காலை பத்து மணிக்கு ஒரு முறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை என்று எடுத்துவிடவேண்டும். எல்லா முட்டையையும் எடுத்துவிட்டால் கோழி இடம் மாறிவிடும். ஆகவே சுண்ணாம்புக் கட்டியிலோ மரத்திலோ செய்த பொய் முட்டை ஒன்றைப் பெட்டியில் விட்டுவைப்பது நல்லது.

முட்டையைத் தண்ணீரில் கழுவக்கூடாது. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அதுதான் மூடிக் காக்கிறது. கழுவினால் பூச்சு போய்விடும். குளிர்ந்த நீரில் கழுவினால் கிருமிகள் துளை வழியாக உள்ளே இழுக்கப்படும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எச்சம் அதிகம் ஒட்டிய முட்டையை விற்பனைக்கு எடுக்காமல் அன்றே வீட்டில் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

துடைத்தவுடன் பென்சிலால் முட்டையின் பருத்த முனையில் தேதியை எழுதவேண்டும். சேர்ந்து விற்பவர்கள் வீட்டுக்கு ஓர் எழுத்தோ எண்ணோ வைத்துக்கொண்டு அதையும் குறிக்கவேண்டும். ஒரு முட்டை கெட்டது என்று புகார் வந்தால் எந்த வீட்டு முட்டை என்று உடனே தெரியும். யார் மேல் தவறு என்ற சச்சரவு எழாது.

நல்ல முட்டையைக் கண்டறிதல்

சந்தைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்தில் பார்த்துவிடவேண்டும். ஓர் அட்டைப் பெட்டியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை போட்டு, உள்ளே பல்பு அல்லது டார்ச் விளக்கு வைத்தால் போதும். இருட்டான அறையில் பருத்த முனையைத் துளையில் வைத்துச் சுழற்றிப் பார்க்கவேண்டும். புது முட்டையில் பருத்த முனையில் உள்ள காற்றறை மிகச் சிறியதாக இருக்கும். நாளாக ஆக உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகிக் காற்றறை பெரிதாகும். சிவந்த நாளங்கள், இரத்த வளையம், கறுப்புத் திட்டு, மயிரிழைக் கீறல் ஆகியவை தெரிந்தால் அந்த முட்டையை விலக்கவேண்டும்.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் உண்டு. புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். ஒரு வாரத்துக்கு மேற்பட்டது ஒரு முனையைத் தூக்கி நிற்கும். பழையது மிதக்கும். ஆனால் தண்ணீர் பட்ட முட்டை அதிக நாள் நில்லாது. ஆகவே சந்தேகம் உள்ள முட்டைக்கு மட்டும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

தரம் பிரித்தல்

பெரிதும் சிறிதும் கலந்த கூடையில் வாங்குபவர் பெரியதாகப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். மிஞ்சிய சிறு முட்டைக்கு விலை விழும். அக்மார்க் தரப்படி 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது, 53 முதல் 59 கிராம் வரை பெரியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 38 முதல் 44 வரை சிறியது. நாட்டுக் கோழி முட்டை பொதுவாக 35 முதல் 45 கிராம் இருக்கும். எனவே பெரும்பாலும் சிறியதில்தான் சேரும். நாட்டு முட்டையை 40 கிராமுக்கு மேல், அதற்குக் கீழ் என்று இரண்டாகப் பிரித்து, இரண்டு விலை வைத்தால் போதுமானது. குழுவில் பணம் பிரிக்கும்போதும் இந்தத் தரப்படியே பிரிப்பதுதான் நியாயம். கலப்பினக் கோழியின் முட்டையைத் தனிக் கூடையில் வைக்கவேண்டும்.

கெடாமல் வைத்தல்

முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கவேண்டும். அடுப்படி, வெயில் படும் திண்ணை, மண்ணெண்ணெய், கருவாடு, வெங்காயம் இருக்கும் இடம் ஆகியவை ஆகா. முட்டை வாசனையை இழுத்துக்கொள்ளும். ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் சிறு கூடையில் முட்டையை வைத்து, ஈரச் சாக்கால் மூடினால் உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். மணலுக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கவேண்டும். முட்டையில் தண்ணீர் படக்கூடாது.

இன்னும் சில நாள் வைக்கவேண்டியிருந்தால் இட்ட அன்றே மணமில்லாத சமையல் எண்ணெயை ஓட்டின் மேல் மெல்லியதாகத் தடவலாம். நுண்துளைகள் அடைபட்டு நீர் ஆவியாவது குறையும். சுண்ணாம்பு நீர் முறையும் உண்டு. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை ஒரு லிட்டர் கொதிநீரில் எச்சரிக்கையாக நீற்றி, ஆறியபின் 5 லிட்டர் தண்ணீரும் 250 கிராம் உப்பும் சேர்த்து, தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். அதில் முட்டையை 14 முதல் 16 மணி நேரம் மூழ்கவைத்து எடுத்து உலர்த்தினால் மூன்று, நான்கு வாரம் தாங்கும். சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும் என்பதால் குழந்தைகளை அருகில் விடக்கூடாது. இவ்வாறு பக்குவம் செய்த முட்டையை அடைவைக்க இயலாது. அவற்றைப் புது முட்டை என்று சொல்லி விற்பதும் கூடாது.

சந்தைக்குக் கொண்டுபோதல்

பனை ஓலைப் பெட்டியில் உமி அல்லது வைக்கோல் பரப்பி, ஒரு வரிசை முட்டை, மேலே மறுபடி வைக்கோல் என்று மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்கலாம். முப்பது முட்டை வைக்கும் அட்டைத் தட்டு இன்னும் பத்திரமானது. ஆனால் பெரிய பண்ணைகளிலிருந்து வந்த பழைய தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. அவற்றில் ஒட்டிய எச்சம் வழியாக நோய் நம் கோழிக்கு வந்துவிடும். புதுத் தட்டே வாங்கவேண்டும்.

சந்தையில் நிழலில் உட்காரவேண்டும். வெயில் விழும் இடத்தில் ஒரு மணி நேரம் இருந்தாலே முட்டையின் தரம் குறையத் தொடங்கும். விற்காமல் திரும்பிய முட்டையை அடுத்த வாரக் கூடையில் கலக்கக்கூடாது. அன்றே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளவேண்டும், அல்லது தேதியைச் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

விலையும் நாணயமும்

பண்ணை முட்டைக்கு விலை சொல்ல 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. நாமக்கல் வட்டார விலை நாளேடுகளில் வெளியாகிறது. நாட்டு முட்டைக்கு அப்படி விலை சொல்வார் இல்லை. பல இடங்களில் பண்ணை முட்டையைப்போல் இரண்டு மடங்குக்கும் விற்கிறது. இந்த விலை வித்தியாசமே ஏமாற்றுக்கும் இடம் தருகிறது. பண்ணையில் வளரும் பழுப்பு முட்டையை நாட்டு முட்டை என்று விற்பதும், வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாறு ஏற்றி நிறம் மாற்றுவதும் நடக்கின்றன. இதனால் உண்மையாக வளர்ப்பவரின் முட்டையையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

"இது வீட்டுக் கோழி முட்டைதானா அக்கா?" என்று கேட்பவருக்குச் சத்தியம் செய்து பயன் இல்லை. தேதி எழுதிய முட்டை, தெரிந்த முகம், ஊர்ப் பெயர் ஆகியவையே பதில். ஒரு முட்டை கெட்டதாக வந்தால் கேள்வி கேட்காமல் மாற்றுக் கொடுத்துவிட வேண்டும். ஒரு முட்டையின் நஷ்டத்தில் ஒரு வாடிக்கை நிலைக்கும்.

இல்லாத பெருமையைச் சொல்வதும் வேண்டாம். ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பு இல்லை. அது கோழி இனத்தைப் பொறுத்தது. மஞ்சள் கருவின் நிறம் தீனியைப் பொறுத்தது. கீரை, புல், மஞ்சள் மக்காச்சோளம் தின்ற கோழியின் கரு நல்ல மஞ்சளாக இருக்கும். புரதச் சத்து இரண்டு முட்டையிலும் எடைக்கு எடை ஏறத்தாழ ஒன்றுதான். 40 கிராம் நாட்டு முட்டை நாலு சேர்ந்தாலும் 55 கிராம் பண்ணை முட்டை மூன்றின் எடைக்குச் சற்றுக் குறைவே. அப்படியிருந்தும் அதிக விலை கொடுப்பவர் ருசிக்காகவும் புதுமைக்காகவும் நம்பிக்கைக்காகவுமே கொடுக்கிறார். அந்த நம்பிக்கை போனால் விலையும் போய்விடும்.

தீனியும் நோய்த் தடுப்பும்

மேய்ச்சலோடு மாலையில் கோழிக்கு 30 முதல் 50 கிராம் வரை குருணை, தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு கலந்து கொடுக்கலாம். மழைக் காலத்தில் பூசணம் பிடித்த பிண்ணாக்கை அறவே ஒதுக்கவேண்டும். அதில் உள்ள நச்சு கோழியைக் கொல்லும். மரச்சீனித் தோலைப் பச்சையாகப் போடக்கூடாது. நன்றாகக் காயவைத்தே கொடுக்கவேண்டும். கடற்கரை ஊர்களில் மீன் கழிவு தாராளமாகக் கிடைக்கும். அதிகம் கொடுத்தால் முட்டையில் மீன் வாடை வரும். அளவோடு நிறுத்தவேண்டும். ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சலைப் பொடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் கோழி தேவைக்குக் கொத்திக்கொள்ளும்.

வீட்டுக் கோழிக்குப் பெரிய எதிரி வெள்ளைக் கழிச்சல் நோய். ராணிக்கேத் என்றும் சொல்வர். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுத் திணறும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் மருந்து இல்லை. ஒரே வாரத்தில் ஊர்க் கோழி முழுதும் போய்விடும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போட்டுவிட வேண்டும். ஆண்டுதோறும் கோடைக்கு முன்பாகக் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. பத்து வீடு சேர்ந்து விற்றால் பத்து வீடும் சேர்ந்தே தடுப்பூசி போடவேண்டும். ஒரு வீடு விட்டுவிட்டாலும் எல்லா வீட்டுக்கும் ஆபத்து.

நோய்க்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை விற்கக்கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு, அதன்படி நிறுத்தவேண்டும். அண்டை மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போது விற்பனை படுத்துவிடும். அச்சமயம் புதுக் கோழி வாங்குவதை நிறுத்தி, முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடும்படி வாடிக்கைக்காரரிடம் சொல்லவேண்டும். கோழிகள் கூட்டமாகச் செத்தால் மறைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

தொடங்குவோருக்கு

முதலில் இரண்டு மாதம் ஒரு நோட்டில் கணக்கு எழுதிப் பார்ப்பது நல்லது. நாள், கிடைத்த முட்டை, உடைந்தது, வீட்டுக்கு எடுத்தது, விற்றது, விலை, தீனிச் செலவு என்று ஏழு கட்டம் போதும். வாரம் எத்தனை முட்டை நிச்சயமாகத் தரமுடியும் என்று அதில் தெரியும். அந்த அளவுக்கே வாடிக்கை பிடிக்கவேண்டும். இருபது வீட்டுக்கு ஒப்புக்கொண்டு பத்து வீட்டுக்குக் கொடுப்பதைவிட, பத்து வீட்டுக்கு வாரம் தவறாமல் கொடுப்பது மேல். குறை விழும் வாரத்தில் கடை முட்டையை வாங்கி நிரப்பும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் எழுதிய தேதிக்கும் வீட்டுக் குறிக்கும் பொருள் இல்லாமல் போய்விடும்.

கோழி வளர்ப்பு, தடுப்பூசி பற்றிய விவரங்களை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும், திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் கேட்டு அறியலாம். சந்தையில் இடம் பெறுவது பற்றி உழவர் சந்தை நிர்வாக அலுவலரைக் கேட்கலாம். பத்து வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி, ஒரு பென்சிலும் ஒரு நோட்டும் வாங்கிக்கொண்டால் வேலையைத் தொடங்கிவிடலாம்.